ஃபாரின் ட்ரிப் போறீங்களா? டூரிஸ்ட் டாக்ஸ் எவ்ளோ வரும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கணக்கு போட்டுக்கோங்க

ஃபாரின் ட்ரிப்புக்கு பட்ஜெட் போடுறவங்க ஃப்ளைட், விசா, ஹோட்டல், சாப்பாடு, ஷாப்பிங்னு எல்லாத்தையும் எழுதிட்டு டூரிஸ்ட் டாக்ஸை மட்டும் விட்டுடுவாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, நம்ம பக்கம் ஊட்டி கொடைக்கானல்னு போனா ஹோட்டல் பில்லுல ஜிஎஸ்டி வரும், வண்டிக்கு ஒரு என்ட்ரி ரசீது போடுவாங்க, அதோட முடிஞ்சுது. வெளிநாட்டுல பல ஊர்ல அப்படி இல்ல, ஆன்லைன்ல ரூம் காசு மொத்தமா கட்டிட்டு போய் நின்னாலும் ரிசப்ஷன்ல "சிட்டி டாக்ஸ்"னு தனியா ஒரு ஸ்லிப் நீட்டுவாங்க, நம்மாளு உடனே ஏமாத்துறாங்கன்னு சண்டைக்கு நிப்பாரு. ஏமாத்து இல்ல, சட்டப்படி வாங்குறதுதான், ஹோட்டல்காரர் வசூல் பண்ணி முனிசிபாலிட்டிக்கு கட்டிடுவாரு. ஆனா எவ்ளோ வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா டென்ஷன் இல்லாம இருக்கலாம்ல, அதுக்குத்தான் இது. முதல் தடவை வெளிநாடு போறவங்களை மனசுல வெச்சு எழுதுறேன், ஏற்கனவே நாலஞ்சு தடவை போனவங்க நடுவுல இருக்குற கணக்கை மட்டும் பாத்தா போதும்.

முதல்ல: எது டூரிஸ்ட் டாக்ஸ், எது இல்ல

இதை பிரிச்சுக்கலைன்னா மத்த எதுவும் புரியாது. ஹோட்டல் பில்லுல வர்ற விஏடி (நம்ம ஜிஎஸ்டி மாதிரி ஒரு விற்பனை வரி), ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் டூரிஸ்ட் டாக்ஸ் கிடையாது, அது உள்ளூர்க்காரனும் கட்டுறது. சிங்கப்பூர்ல ரேட் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருப்பாங்க, அது 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, அவ்ளோதான், தங்குறதுக்குன்னு தனி டூரிஸ்ட் டாக்ஸ் அங்க இல்ல. விசா ஃபீஸும் வேற கணக்கு. லாஸ் வேகாஸ் மாதிரி ஊர்ல வாங்குற "ரிசார்ட் ஃபீ" ஹோட்டலே வெச்சுக்குற காசு, அதை டாக்ஸ்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் டிராவல் ஏஜென்ட் கிட்ட ஃபாரின் பேக்கேஜ் எடுத்தா டிசிஎஸ்னு ஒண்ணு பிடிப்பாங்க. அதை நிறைய பேர் "டூரிஸ்ட் டாக்ஸ் இங்கயே கட்டிட்டோமே"ன்னு நினைச்சுக்குறாங்க. அது இந்திய வருமான வரித்துறைக்கு போற காசு, உங்க பான் நம்பர்ல ஏறும், ஐடிஆர் போடுறப்ப கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும். ரோம் ஹோட்டல்காரருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

டூரிஸ்ட் டாக்ஸ்ங்குறது அந்த ஊரோ நாடோ வெளில இருந்து வந்து தங்குறவங்க, இல்ல சுத்திப் பாக்க வர்றவங்க கிட்ட வாங்குறது. பேருதான் ஊருக்கு ஊரு மாறும். இத்தாலில "இம்போஸ்டா டி சொஜோர்னோ"ன்னு பில்லுல இருக்கும், பிரான்ஸ்ல "டாக்ஸ் த செஜூர்", சுவிஸ்ல "கூர்டாக்ஸ", துபாய்ல "டூரிஸம் டிர்ஹாம்", மாலத்தீவுல "கிரீன் டாக்ஸ்", பூட்டான்ல "எஸ்டிஎஃப்" (சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் ஃபீ). எந்த பேர்ல இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான்.

ரெண்டாவது: காசு எந்த இடத்துல போகுதுன்னு பாருங்க

மூணு இடத்துல வாங்குவாங்க. டிக்கெட்டோட சேர்த்து, கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல, இல்ல ஹோட்டல்ல.

டிக்கெட்ல சேர்ந்து வர்றது நமக்கு கண்ணுலயே படாது. ஜப்பானை விட்டு வெளிய வர்றப்போ ஆளுக்கு 1,000 யென், 2019 ஜனவரில இருந்து இருக்கு, 2026 ஜூலைல இருந்து 3,000 யென் ஆக்குறதா அந்த அரசு முடிவு பண்ணிருக்கு. மாலத்தீவு இதுல கில்லாடி. எகானமி கிளாஸ்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு டிபார்ச்சர் டாக்ஸ் 50 டாலர், ஏர்போர்ட் டெவலப்மென்ட் ஃபீ இன்னொரு 50 டாலர், 2024 டிசம்பர்ல இருந்து இதான் ரேட், ஆக ஆளுக்கு 100 டாலர் டிக்கெட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. ஆஃபர்ல டிக்கெட் போட்டு பில்லை பிரிச்சு பாத்தா சுண்டக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதையா இருக்கும். நல்ல விஷயம் என்னன்னா இதுக்கு நீங்க தனியா எதுவும் செய்ய வேணாம், ஏர்போர்ட்ல யாராவது மறுபடி கேட்டா டிக்கெட் பிரேக்கப்பை காட்டுங்க.

முன்னாடியே ஆன்லைன்ல கட்டுறதுக்கு பாலி நல்ல உதாரணம். 2024 பிப்ரவரி 14ல இருந்து வெளிநாட்டு டூரிஸ்ட் ஒவ்வொருத்தருக்கும் 1,50,000 ரூபியா, எத்தனை நாள் தங்கினாலும் ஒரே தடவை. "லவ் பாலி" ஆப்லயோ சைட்லயோ பாஸ்போர்ட் நம்பர் போட்டு கட்டினா மெயில்ல க்யூஆர் கோடு வரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. இங்க ஒரு எச்சரிக்கை: கூகுள்ல தேடினா அதே மாதிரி டிசைன்ல டூப்ளிகேட் சைட் வரும், சர்வீஸ் ஃபீன்னு கூட காசு வாங்கிட்டு விட்டுடுவான், இல்லன்னா கார்டு நம்பரை சுருட்டிடுவான். இந்தோனேசியா அரசு சைட் "கோ டாட் ஐடி" (go.id)ன்னுதான் முடியும், அதை பாக்காம கார்டு நம்பர் போடாதீங்க. நியூசிலாந்து 100 நியூசிலாந்து டாலர் லெவி வாங்குது, 2024 அக்டோபருக்கு முன்னாடி அது 35 தான், விசா அப்ளை பண்றப்பவே அதையும் சேர்த்து எடுத்துக்குவாங்க.

பூட்டானும் இந்த லிஸ்ட்தான், ஆனா அங்க நைட் கணக்கு. மத்த நாட்டுக்காரங்களுக்கு ஒரு நைட்டுக்கு 100 டாலர், இந்தியர்களுக்கு 1,200 ரூபா, 6 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் பாதி, அதுக்கு கீழ இருக்குற குட்டிகளுக்கு இல்ல. நமக்கு ரேட் கம்மிதான்னு அசால்ட்டா இருக்காதீங்க, ரெண்டு பெரியவங்க அஞ்சு நைட்டுனா 12,000 ரூபா ஆயிடுது, ஹோட்டல் வாடகை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

மூணாவது: தலைக்கா, ரூமுக்கா, பெர்சன்டேஜா

இதுதான் மெயின். கூடுதல் கம்மி எல்லாம் இங்கதான் வருது. ஒரு ஃபேமிலி வெச்சு பாப்போம், அப்பா அம்மா, 12 வயசு பொண்ணு, 8 வயசு பையன்.

ரோம்ல தலைக்கு, நைட்டுக்கு, ஹோட்டலோட ஸ்டார் கணக்குல. 2023 அக்டோபர்ல ஏத்தின ரேட் படி 3 ஸ்டார்ல 6 யூரோ, 4 ஸ்டார்ல 7.50, 5 ஸ்டார்ல 10. பத்து வயசுக்கு கீழ இருக்குற பசங்களுக்கு கிடையாது. ஆக 4 ஸ்டார்ல மூணு பேருக்கு மூணு நைட்டுக்கு 67.50 யூரோ. யூரோவை தோராயமா நூறு ரூபான்னு வெச்சாலே 6,750 ரூபா, இது நீங்க புக்கிங் ஆப்ல கட்டின காசுல பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நாலு பேரும் ஒரே ரூம்ல அடைஞ்சு படுத்தாலும் ரெண்டு ரூம் எடுத்தாலும் இந்த காசு மாறாது, ஏன்னா தலைக் கணக்கு. ஆனா 3 ஸ்டாருக்கு இறங்கினா 54 யூரோவா குறையும்.

துபாய்ல இதே ஃபேமிலி போனா கதை வேற. அங்க ரூமுக்கு ஒரு நைட்டுக்கு 7 டிர்ஹாம்ல இருந்து 20 டிர்ஹாம் வரைக்கும், 4 ஸ்டார்னா 15. ஒரே ரூம் அஞ்சு நைட்டுனா 75 டிர்ஹாம், எத்தனை பேர் இருந்தாலும் அதேதான். ரெண்டு ரூம் எடுத்தா 150. ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் எடுத்தா பெட்ரூம் கணக்குல வரும், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இதுக்கு மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 7 சதவீதம் முனிசிபாலிட்டி ஃபீ, 5 சதவீதம் விஏடி இருக்கு, ஆனா அதெல்லாம் பொதுவா ஆப்ல காட்டுற விலைலயே சேர்ந்துடும், டூரிஸம் டிர்ஹாம் மட்டும் செக்இன் பண்றப்ப கேப்பாங்க.

மலேசியாவும் ரூம் கணக்குதான். 2017 செப்டம்பர்ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூமுக்கு நைட்டுக்கு 10 ரிங்கிட், மலேசியா சிட்டிசனுக்கும் பிஆருக்கும் (அங்கயே நிரந்தரமா தங்க அனுமதி வாங்கினவங்க) கிடையாது. கோலாலம்பூர்ல சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்க பேர்ல ரூம் போட்டுக்கலாம்னு ஒரு ஐடியா நம்மாளுங்க சொல்லுவாங்க, தங்குறது யாருன்னு பாஸ்போர்ட் பாத்துத்தான் எழுதுவாங்க, அதனால அது செல்லாது. பினாங்குல இதுக்கு மேல மாநிலக் கட்டணமா 2 இல்ல 3 ரிங்கிட் ரூமுக்கு சேரும்.

கிரீஸ்லயும் ரூமுக்குத்தான், ஆனா ரேட் சீசனுக்கு ஏத்த மாதிரி மாறும். ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் 4 ஸ்டார் ரூமுக்கு நைட்டுக்கு 10 யூரோ, 5 ஸ்டாருக்கு 15, 3 ஸ்டாருக்கு 5, குளிர்காலத்துல கம்மி. சாண்டோரினில ரெண்டு ரூம் மூணு நைட் 4 ஸ்டார்னா 60 யூரோ. இப்படி ரூம் கணக்கு இருக்குற ஊர்ல எல்லாம் ரெண்டு ரூம் போடாம ஒரு ஃபேமிலி ரூம் கிடைக்குதான்னு பாருங்க, டாக்ஸ் பாதியாயிடும்.

அடுத்து பெர்சன்டேஜ் டைப், இதுதான் பர்ஸுக்கு ரொம்ப வலிக்கும். ஆம்ஸ்டர்டாம்ல 2024ல இருந்து ரூம் விலைல 12.5 சதவீதம். விஏடி இல்லாம 200 யூரோ ரூம்னா நைட்டுக்கு 25 யூரோ டூரிஸ்ட் டாக்ஸ் மட்டும். நெதர்லாந்துல 2026 ஜனவரில இருந்து ரூமுக்கு விஏடியும் 9 சதவீதத்துல இருந்து 21 ஆயிடுச்சு, அப்போ அதே 200 யூரோ ரூம் 267 யூரோ ஆகுது. என்னோட கருத்து, ஆம்ஸ்டர்டாமை பாக்கணும்னா ஹார்லெம் மாதிரி பக்கத்து ஊர்ல தங்குற செலவையும் ஒருதடவை ஒப்பிட்டு பாருங்க, ட்ரெயின்ல கால் மணி நேரம்தான். பெர்லின்லயும் பெர்சன்டேஜ்தான், 2025ல இருந்து 7.5.

க்யோட்டோ மாதிரி ஸ்லாப் வெச்சிருக்குற ஊரும் உண்டு, நம்ம இன்கம்டாக்ஸ் மாதிரின்னு நினைக்காதீங்க, மொத்த விலை எந்த ஸ்லாப்ல விழுதோ அந்த ஒரே தொகைதான். 2026 மார்ச் 1ல இருந்து ஆளுக்கு நைட்டுக்கு 6,000 யென்னுக்கு கீழ இருந்தா 200, 20,000க்கு கீழ 400, 50,000க்கு கீழ 1,000, ஒரு லட்சத்துக்கு கீழ 4,000, அதுக்கு மேல 10,000 யென். இதுல கவனிக்க வேண்டியது "ஆளுக்கு". ரூம் 30,000 யென், ரெண்டு பேர்னா ஆளுக்கு 15,000, அப்போ 400 ஸ்லாப், ரெண்டு பேருக்கும் சேர்த்து 800 யென். ரூம் விலையை அப்படியே வெச்சு பாத்து ஆயிரம் ஸ்லாப்னு பயந்துடாதீங்க.

கடைசியா மாலத்தீவு பில்லை ஒண்ணு முழுசா பிரிச்சு காட்டுறேன், ஏன்னா ஹனிமூன் போறவங்க பாதி பேர் இங்கதான் முழிப்பாங்க. ரிசார்ட் 200 டாலர் பிளஸ் பிளஸ்னு போட்டிருக்கான்னு வைங்க. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 220. அந்த 220 மேல 17 சதவீதம் டூரிஸம் ஜிஎஸ்டி, 2025 ஜூலைல 16ல இருந்து 17 ஆச்சு, சேர்த்தா 257.40. அப்புறம் கிரீன் டாக்ஸ், ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ரெண்டு பேருக்கு 24. மொத்தம் 281.40. இருநூறு டாலர்னு பாத்த ரூம் ஒரே நைட்டுக்கு இப்படி வந்து நிக்குது. இதே உள்ளூர்க்காரங்க வாழுற தீவுல, மாஃபுஷி மாதிரி, 50 ரூம் இல்ல அதுக்கு கம்மியா இருக்குற கெஸ்ட்ஹவுஸ்ல தங்கினா கிரீன் டாக்ஸ் பாதி, 6 டாலர்தான்.

நாலாவது: யாருக்கு விலக்கு, எத்தனை நைட்டுக்கு மேல கிடையாது

குழந்தைங்க வயசு ஊருக்கு ஊரு வேற. ரோம்ல பத்து வயசுக்கு கீழ, பார்சிலோனால 16 வயசு வரைக்கும் கிடையாது. நைட் கணக்குக்கும் லிமிட் இருக்கும், ரோம்ல பத்து நைட், பார்சிலோனால ஏழு நைட், அதுக்கு மேல தங்கினா டாக்ஸ் ஓடாது. பசங்க பாஸ்போர்ட்டை ரிசப்ஷன்ல காட்டுங்க, நீங்களா சொல்லலைன்னா நாலு தலைக்கும் போட்டுடுவாங்க.

வெனிஸ் பத்தி தனியா சொல்லணும். அங்க ராத்திரி தங்காம காலைல வந்து சாயங்காலம் போறவங்களுக்கும் ஒரு ஃபீ உண்டு, 2024ல 29 நாளைக்கு ஆரம்பிச்சாங்க, 2025ல 54 நாளாக்கினாங்க. காலைல எட்டரைல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் உள்ள வந்தா 5 யூரோ, கடைசி நேரத்துல புக் பண்ணா 10. எந்தெந்த நாளுன்னு காலண்டர் முன்னாடியே போட்டுடுவாங்க, பொதுவா வசந்த காலத்துல வர்ற வெள்ளி சனி ஞாயிறும் லீவு நாளும்தான். வெனிஸ்லயே தங்குறவங்களுக்கு இந்த ஃபீ இல்ல, ஆனா விலக்குன்னு சைட்ல பதிஞ்சு க்யூஆர் கோடு எடுத்து வெச்சிருக்கணும், இல்லன்னா ஸ்டேஷன் வாசல்ல செக்கிங்ல மாட்டினா 50 யூரோல இருந்து ஃபைன். நம்ம ஆளுங்க நிறைய பேர் விலை கம்மின்னு மெஸ்த்ரேல ரூம் எடுப்பாங்க, அதுவும் வெனிஸ் முனிசிபாலிட்டிக்குள்ளதான், அதனால அவங்களுக்கும் விலக்கு உண்டு, க்யூஆர் மட்டும் எடுக்கணும். அந்த முனிசிபாலிட்டிக்கு வெளில இருக்குற பதுவால தங்கிட்டு வந்தீங்கன்னா அந்த சலுகை கிடையாது, காசு கட்டணும்.

அஞ்சாவது: புக்கிங் பேஜை கீழ வரைக்கும் படிங்க

பெருசா காட்டுற விலையை விடுங்க. "பிரைஸ் டீடெயில்ஸ்"னு இருக்குறதை தட்டுங்க, அதுல "ப்ராபர்ட்டில கட்ட வேண்டியது", "விலைல சேராதது"ன்னு குட்டி எழுத்துல இருக்கும், சிட்டி டாக்ஸ் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ரெண்டு ஹோட்டலை ஒப்பிடுறப்ப ஒண்ணுல டாக்ஸ் சேர்ந்த விலையும் இன்னொண்ணுல சேராத விலையும் காட்டும், அதைப் பாத்து மலிவா இருக்கேன்னு ஏமாறாதீங்க. சில ஊர்ல ஆப்காரனே வசூல் பண்ணிடுவான், மலேசியால 2023ல இருந்து ஆன்லைன் ப்ளாட்ஃபார்மும் வாங்கிக் கட்டணும்னு ஆயிடுச்சு. அப்படி ஏற்கனவே கட்டியிருந்தா அந்த இன்வாய்ஸை ஃபோன்ல வெச்சுக்கோங்க, ரிசப்ஷன்ல தெரியாம மறுபடி கேட்டா காட்டலாம்.

பேக்கேஜ்ல போறவங்க ஏஜென்ட் கிட்ட "எல்லாம் சேர்த்துதானே"ன்னு கேக்காதீங்க, ஆமா சார்னுதான் சொல்லுவாரு. "சிட்டி டாக்ஸ் யார் கட்டுறது, எந்தெந்த ஊருக்கு எவ்ளோன்னு எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க. யூரோப் டூர் ஷீட்டுல "சேராதவை"ங்குற பகுதில கடைசி லைன்ல இது இருக்கும், டூர் மேனேஜர் பஸ்லயே தலைக்கு இவ்ளோன்னு யூரோவா கலெக்ட் பண்ணுவாரு.

ஆறாவது: கட்டுற நேரம்

பெரிய ஹோட்டல்ல கார்டு எடுப்பாங்க. சின்ன பி அண்ட் பி, வீட்டு ரூம் இதெல்லாம் காசாத்தான் கேப்பாங்க, அதனால ரெண்டு மூணு நைட்டுக்கான தொகையை சில்லறையோட தனியா ஒரு கவர்ல போட்டு வெச்சுக்கோங்க. கார்டுல கட்டுனா மெஷின்ல "ரூபாயா யூரோவா"ன்னு கேக்கும், யூரோவையே தட்டுங்க, ரூபா தட்டினா அவன் வைக்குறதுதான் ரேட். ரசீது கண்டிப்பா வாங்குங்க. ரசீது தர மாட்டேன்னு சொன்னா அந்த காசு முனிசிபாலிட்டிக்கு போகாம இருக்கலாம்.

கட்டின காசுக்கு ஏதாவது கிடைக்குதான்னும் கேளுங்க. சுவிஸ்ல பல ஊர்ல கெஸ்ட் கார்டு தருவாங்க, பாசல்லயும் ஜெனீவாலயும் அதை வெச்சு தங்குற நாள் முழுக்க ஊருக்குள்ள பஸ்ஸும் ட்ராமும் ஃப்ரீ. ஜெர்மனில பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் "கோனுஸ்" கார்டுன்னு ஒண்ணு, பஸ் ட்ரெயின் ரெண்டும் ஃப்ரீ. அங்க போற ஊருக்கு டே பாஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஹோட்டல்ல இதை கேட்டுடுங்க, இல்லன்னா ரெண்டு தடவை காசு போகும்.

ஏழாவது: ரேட் மாறிட்டே இருக்கும்

மேல சொன்ன ரேட் எல்லாம் அப்பப்போ மாறும். பாரிஸ்ல 2024ல ஒரே அடியா தூக்கினாங்க, பஸ் மெட்ரோவுக்கு காசு வேணும்னு, 4 ஸ்டார்ல ஆளுக்கு நைட்டுக்கு 8.13 யூரோ ஆச்சு. நீங்க புக் பண்ற தேதியும் தங்குற தேதியும் நடுவுல ரேட் மாறினா தங்குற தேதி ரேட்தான் பெரும்பாலும் வரும். எடின்பரோல மட்டும் ரெண்டையும் பாக்கணும், 2026 ஜூலை 24ல இருந்து அங்க 5 சதவீதம் லெவி, முதல் அஞ்சு நைட்டுக்கு மட்டும், 2025 அக்டோபர் 1க்கு அப்புறம் போட்ட புக்கிங்குக்கு. அதனால கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அந்த ஊர் முனிசிபாலிட்டி சைட்லயோ அரசு டூரிஸம் சைட்லயோ ஒருதடவை பாத்துடுங்க, பழைய யூட்யூப் வீடியோவை நம்பி போகாதீங்க.

அப்புறம் இந்த வாட்ஸப் ஃபார்வர்டு. தாய்லாந்து 300 பாட் என்ட்ரி ஃபீன்னு பல வருஷமா அறிவிச்சு அறிவிச்சு தள்ளிப் போட்டுட்டே இருக்காங்க, 2025 முடியற வரைக்கும் அமலுக்கு வரல. ஆனா அந்த ஃபீயை இப்பவே கட்டிடுங்கன்னு லிங்க் மட்டும் சுத்துது. அந்த மாதிரி லிங்க் வந்தா தாய்லாந்து அரசு சைட்ல இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா டெலிட் பண்ணிடுங்க.